ஒரு நாள் ஆற்றுப் படகுப் பயணம்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வி இது: விடுமுறையில் ஓர் ஆற்றங்கரை ஊரில் சில நாள் தங்கப் போகிறீர்கள். அலைந்து திரிந்து ஊர் பார்ப்பதற்கு நடுவே ஒரு நாளை மட்டும் படகில் நிதானமாகக் கழிக்க ஆசை. கூடவே எழுபதைத் தாண்டிய அம்மா, எட்டு வயதுப் பையன். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகா, ஒரு மணி நேரச் சுற்றா, எதைப் பார்த்து முன்பதிவு செய்வது?

படகு எவ்வளவு பெரியது, சாப்பாடு போடுகிறார்களா, எத்தனை இடங்களைக் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம் பார்க்க வேண்டியவை. முதலில் நான்கு விஷயம். ஆற்றின் எந்தப் பகுதியில் போகிறது? ஓட்டத்தோடு போகிறதா, எதிர்த்துப் போகிறதா? நடுவில் எங்கே இறங்க முடியும்? திரும்பி வர வேறு வழி இருக்கிறதா? இவை சரியாக அமைந்தால் பழைய சாதாரணப் படகில்கூட நாள் நன்றாகப் போகும். அமையாவிட்டால் எவ்வளவு சொகுசான படகிலும் மூன்றாவது மணி நேரத்தில் எல்லோரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

உங்கள் மூவருக்கும் நான் சொல்வது: தண்ணீரில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், ஒரு வழி மட்டும். போய்ச் சேரும் ஊரில் இரண்டு மணி நேரம் காலாற நடை, சாப்பாடு. திரும்பி வருவது ரயிலிலோ பஸ்ஸிலோ. 'நாள் முழுக்கப் படகில்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பாதி நேரம் வந்த வழியே திரும்புவது. காலையில் வியந்து பார்த்த அதே கரை, மதிய வெயிலில், தூக்கக் கலக்கத்தில் மறுபடியும் வரும். பையன் 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

திசையைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அசையாத தண்ணீரில் மணிக்கு 18 கி.மீ. போகக்கூடிய படகு ஒன்று; ஆற்றின் ஓட்டம் மணிக்கு 6 கி.மீ. ஓட்டத்தோடு போனால் கரையில் நிற்பவருக்கு அந்தப் படகு 24 கி.மீ. வேகத்தில் போவதாகத் தெரியும். எதிர்த்துப் போனால் 12 தான். 24 கி.மீ. தூரத்தைக் கடக்க ஒரு பக்கம் ஒரு மணி, மறு பக்கம் இரண்டு மணி. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றின் வாஹாவ் பள்ளத்தாக்கில் இதை நேரடியாகப் பார்க்கலாம். மெல்க் என்ற ஊரிலிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 36 கி.மீ. கீழ்நோக்கி வந்தால் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும்; மேல்நோக்கிப் போனால் கிட்டத்தட்ட மூன்று மணி. அதே படகு, அதே கட்டணப் பலகை, ஆனால் இரண்டும் வேறு வேறு பயணம்.

எது நல்லது? எதிர்த்துப் போகும்போது கரை மெல்ல நகரும், படம் எடுக்க நேரம் கிடைக்கும், ஆனால் இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும். பின்பக்கம் உட்கார்ந்தால் இரைச்சலும் அதிர்வும் இருக்கும். ஓட்டத்தோடு வரும்போது இன்ஜின் அடங்கி ஓடும், பேச்சு காதில் விழும். வயதானவர்கள் கூட வந்தால் நான் கீழ்நோக்கி வருவதையே எடுப்பேன். அதாவது காலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ மேலே போய்விட்டு, படகில் இறங்கி வருவது. இதில் இன்னொரு வசதியும் உண்டு: கடைசி ரயிலைப் பிடிக்கும் பதற்றம் இல்லை. தங்கியிருக்கும் ஊருக்கே படகு கொண்டுவந்து விட்டுவிடும்.

எல்லா ஆற்றிலும் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. எகிப்தில் நைல் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. அதனால் அஸ்வானில் ஃபெலூக்கா என்ற பாய்மரப் படகுக்காரர்கள் மேல்நோக்கிப் போகப் பாயை விரிக்கிறார்கள். கீழ்நோக்கி வர ஓட்டமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில் தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகைப் போட்டார்கள் என்றால் அந்தக் காற்று எவ்வளவு நம்பகமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஆறுகளில் ஏற்றவற்றம் வேறு உண்டு. லண்டன் நகருக்குள் தேம்ஸ் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வித்தியாசம் 7 மீட்டர் வரை போகும். டெடிங்டன் என்ற இடத்துக்கு மேலே போய்விட்டால் அந்த ஏற்றவற்றம் இல்லை. ஒரே ஆறுதான், ஆனால் மேலே படகுகளுக்கு மணிக்கு 8 கி.மீ. வேக வரம்பு, கரையில் நடப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம்போல இருக்கும். கீழே அலையும் அவசரமும். நிதானம்தான் வேண்டும் என்றால் நகரத்துக்குள் ஓடும் பகுதியை விட்டு, அதற்கு மேலே உள்ள பகுதியை விசாரியுங்கள். இது அனேகமாக எல்லா ஆற்றுக்கும் பொருந்தும்.

இனி எந்தப் பகுதி என்ற கேள்வி. ஆறு எங்கே வளைகிறதோ, எங்கே மலை இருபுறமும் நெருங்கி வருகிறதோ அந்த இடமே படகில் போக ஏற்றது. நேராக, அகலமாக ஓடும் இடத்தில் கரை தூரப் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்தும் அதே காட்சிதான். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் நடுப்பகுதி, பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ., 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதை முழுவதும் போக வேண்டிய அவசியமே இல்லை. பாகராக் என்ற சிற்றூரில் ஏறி சாங்க்ட் கோவாரில் இறங்கினால் போதும், சுமார் 13 கி.மீ. ஆற்றின் நடுவே தீவில் நிற்கும் கோட்டை, லோரலை பாறை, ஆறு குறுகித் திரும்பும் திருப்பம், எல்லாமே இந்தச் சின்னத் துண்டுக்குள் வந்துவிடுகின்றன. இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே பாலமே கிடையாது என்பதால் கார்களை ஏற்றிய மிதவைப் படகுகள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். பையனுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

போர்ச்சுகலின் டோரோ ஆற்றிலும் அப்படித்தான். போர்ட்டோ நகரிலிருந்து ரெகுவா வரை படகில் போய் ரயிலில் திரும்பும் முழுநாள் பயணம் பேர்பெற்றது. ஆனால் அது நீளம். ரயிலிலேயே ரெகுவா போய், அங்கிருந்து பின்யாவ் வரையிலான துண்டை மட்டும் படகில் போனால், படிக்கட்டுபோல வெட்டிய திராட்சைத் தோட்டங்கள் இருபுறமும் எழும் மிக அழகான பகுதி கிடைத்துவிடும். வரைபடத்தில் ஆற்றுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை போகிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால் உங்கள் பயணம் பாதி அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

போகும் வழியில் லாக் வருகிறதா என்றும் கேளுங்கள். அணையோ தடுப்போ உள்ள ஆறுகளில் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த நீர்த்தொட்டி அது. சிலர் 'அங்கே கால் மணி நேரம் வீணாக நிற்க வேண்டும்' என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது நாளின் சிறந்த கால் மணி நேரம். படகு உள்ளே நுழையும், பின்னால் கதவு மூடும். கீழே இறங்குகிற லாக் என்றால், அடியில் மதகைத் திறந்ததும் தண்ணீர் ஓசையில்லாமல் வடிய ஆரம்பிக்கும். முதலில் எதுவுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு பக்கச் சுவரில் ஈரக் கோடு தெரியும்; கோடு பட்டையாகும், பாசி படர்ந்த சுவர் எழும்பிக்கொண்டே போகும், வெயில் மறைந்து சில்லென்று ஒரு காற்று வரும். ஊழியர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே இருப்பார். இதில் பம்பு எதுவும் இல்லை. உயரத்திலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும் விசை மட்டும்தான். பல லாக்குகளில் மேல்பக்கக் கதவுகள் இரண்டும் சேர்ந்து மேலோட்டத்தை நோக்கிக் கூம்பி நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்த அவை இன்னும் இறுகும். பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவனே பார்த்துக் கண்டுபிடிப்பான். டோரோவில் காரபடேலோ லாக் சுமார் 35 மீட்டர் உயரம், பத்து மாடிக்கு மேல். தேம்ஸில் ஏற்றவற்றம் இல்லாத பகுதியில் மட்டும் 44 லாக் உண்டு. எல்லாம் சின்னவை, கரையில் நிற்பவர்கள் கைதொடும் தூரத்தில் இருப்பார்கள்.

உட்காரும் இடம் விஷயத்தில் ஐந்து நிமிடம் யோசித்தால் மூன்று மணி நேரம் நிம்மதி. நீங்கள் போவது வட அரைக்கோளத்தில், வெயில் தெற்கே சாய்ந்து அடிக்கும் ஊர் என்றால், நடுப்பகலில் படகு மேற்கே போகையில் வெயில் இடப்பக்கம், கிழக்கே போகையில் வலப்பக்கம். வடக்கே போனால் காலையில் வலம், பிற்பகலில் இடம். தென் அரைக்கோளத்தில் நடுப்பகல் கணக்கு தலைகீழ். ஆறு வளைந்து வளைந்து போவதால் இது எல்லா நிமிடத்துக்கும் பொருந்தாது, ஆனால் மொத்தத்தில் எந்தப் பக்கம் நிழல் அதிகம் என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிழல் பக்கம் இன்னொரு வகையிலும் நல்லது: வெயில் முதுகுப் பக்கமாக எதிர்க்கரையில் விழுவதால் அந்தக் கரை பளிச்சென்று தெரியும். தலைக்கு மேல் கூரை இருந்தாலும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசும். அம்மாவுக்குக் குளிர்கண்ணாடி அவசியம். கூசலை வடிகட்டும் போலராய்டு வகையாக இருந்தால் தண்ணீருக்குள் மீனும் கல்லும்கூடத் தெரியும்.

மேல்தளத்தில் எல்லோரும் ஓடிப்போய் இடம் பிடிப்பார்கள். படகு ஓடும்போது அங்கே காற்று விடாமல் அடிக்கும். கரையில் வியர்த்துக்கொண்டிருந்தவர் அரை மணியில் கையைக் குறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவார். வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில், படகின் நடுவில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ள இருக்கைதான் சரி. ஆட்டமும் அங்கேதான் குறைவு. ஆற்றில் பொதுவாகக் குமட்டல் வராது, ஆனால் வரும் என்று பயம் இருந்தால் கீழே குனிந்து கைபேசி பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் அமைதி, பின்பக்கம் இன்ஜின், ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார்ந்தால் பேச்சே முடியாது. ஏறியதும் ஒலிபெருக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.

பாட்டும் விளக்கவுரையும் ஓயாமல் ஒலிக்கும் படகுகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆற்றில் கேட்க வேண்டிய சத்தம் நிறைய இருக்கிறது. வாய்ப்பிருந்தால் உள்ளூர்க்காரர்கள் போய்வரும் டைம் டேபிள் படகை எடுங்கள். துறைக்குத் துறை நின்று போகும், எந்தத் துறையிலும் இறங்கலாம், அடுத்த படகில் ஏறலாம், கட்டணமும் பெரும்பாலும் குறைவு. கேரளத்தில் ஆலப்புழை முதல் கோட்டயம் வரை ஓடும் அரசுப் படகு இதற்கு நல்ல உதாரணம். சுற்றுலாவுக்கென்று எதையும் மாற்றிக்கொள்ளாமல், சுமார் இரண்டரை மணி நேரத்தில், வயலும் கால்வாயும் ஏரியுமாகக் காட்டிவிடுகிறது. மதியச் சாப்பாட்டோடு வரும் படகுகளில் எனக்கு ஒரே ஒரு குறைதான்: ஆறு மிக அழகாகத் திரும்பும் நேரத்தில் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரையிறங்கிச் சாப்பிடுவது மேல்.

அம்மாவுக்காக முன்கூட்டியே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். கழிப்பறை எந்தத் தளத்தில்? ஏறுமிடத்தில் பலகையா, படியா? இறங்கும் துறையிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம், ஏற்றம் உண்டா? ஆற்றின் மட்டம் குறைந்தால் துறையிலிருந்து மேலே ஏறும் பலகை செங்குத்தாகிவிடும். காலையில் தட்டையாக இருந்த வழி மாலையில் ஏற்றமாகும் இடங்களும் உண்டு, குறிப்பாகக் கடலேற்றம் உள்ள ஆறுகளில். கைத்தடி வைத்திருப்பவர் என்றால் ஊழியரிடம் சொல்லி முதலில் ஏறி, கடைசியில் இறங்குங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சிறு படகில் ஏறும்போது ஓரத்தில் கால் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். படகு துறையை நெருங்கும்போது கையை வெளியே நீட்டவே கூடாது; பல டன் எடையுள்ள படகும் கற்சுவரும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. பையனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிப் பயமுறுத்த வேண்டியதில்லை, ஆனால் இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய இரண்டு தளப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. இரண்டு தளப் படகில் மேலே எடை கூடக் கூட அது சாயும் சுபாவம் கூடும். அந்த நேரத்தில் எதையாவது பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் நிலைமை கையை மீறிவிடும். ஆகவே ஏறும் முன் படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். எழுதவே இல்லை என்றாலோ, எண்ணிப் பார்த்தால் கூடுதலாக இருந்தாலோ, ஏறாதீர்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும். இருட்டிய பிறகு விளக்கில்லாத சிறு படகில் போக வேண்டாம். 'யானை, யானை' என்று எல்லோரும் எழுந்தாலும் நீங்கள் உட்கார்ந்தே பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாப் படகிலும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். பையனுடைய எடைக்கேற்ற அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டிய பிறகு இரு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறி வந்தால் தண்ணீரில் கழன்றுவிடும். கால்களுக்கு நடுவே போடும் வார் இருந்தால் அதையும் மாட்டுங்கள். திறந்த சிறு படகில் பெரியவர்களும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பையன் அடம் பிடிக்க மாட்டான்.

அப்புறம் ஆற்றின் மட்டம். இதைச் சொல்லாமல் முன்பதிவுப் பக்கங்கள் பெரும்பாலும் நழுவிவிடும். தண்ணீர் குறைந்தாலும் படகு நிற்கும், கூடினாலும் நிற்கும். 2022 ஆகஸ்ட்டில் ரைன் ஆறு கௌப் என்ற இடத்து அளவுகோலில் 40 செ.மீ.-க்கும் கீழே இறங்கியது. (ஆற்றின் ஆழமே அவ்வளவுதான் என்று பொருளில்லை, அந்த அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரையில் இல்லை, படகுப் பாதை அதைவிட ஆழம்.) 2018 ஜனவரியில் பாரிஸில் இதற்கு நேர்மாறு: சேன் ஆறு பெருகி, பாலங்களுக்கு அடியில் நுழைய இடமில்லாமல் சுற்றுலாப் படகுகள் நின்றுபோயின. அதனால் படகு நாளை விடுமுறையின் கடைசி நாளில் வைக்காதீர்கள். நடுவில் வைத்தால், ரத்தானாலும் அடுத்த நாளுக்குத் தள்ளலாம். 'ஆற்று நிலைமையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவீர்களா?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பனி உருகிவரும் ஆறு என்றால் வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வேகம் கூடுதல். மழையை நம்பிய ஆறு என்றால் மழைக்காலம் முடிந்த கையோடு போவது நல்லது. அப்போது தண்ணீர் நிறைந்து, கலங்கல் தெளிந்து, கரை பச்சையாக இருக்கும்.

நாளின் நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: காலை. காற்று குறைவு, தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும், பறவைகள் இரை தேடும் நேரம். தரை சூடேற ஏறக் காற்று எழும்பி, பிற்பகலில் தண்ணீரில் சிற்றலை கிளம்பும். அஸ்தமனப் பயணத்தில் வெளிச்சம் அருமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் கூட்டமும் அப்போதுதான் அதிகம், எட்டு வயதுக்காரருக்குத் தூக்கம் வரும் நேரமும் அதுதான்.

மூன்று மணி நேரம் பையனை எப்படிக் கட்டிப்போடுவது என்று கவலைப்படாதீர்கள், ஆற்றைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். முதல் பாடம் கரை. ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடக்கரை, வலக்கைப் பக்கம் வலக்கரை. படகு எந்தப் பக்கம் போனாலும் இது மாறாது. ஐரோப்பிய ஆறுகளில் படகுப் பாதையின் வலக்கரைப் பக்கம் சிவப்பு மிதவை, இடக்கரைப் பக்கம் பச்சை மிதவை. மிதவையைப் பார்த்தே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவன் சொல்லிவிடலாம். இரண்டாவது, கரையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகைகள். ரைனில் கணக்கு கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்தில் பூஜ்யத்தில் தொடங்கி ஓட்டத்தோடு கூடிக்கொண்டே வருகிறது. லோரலை பாறை 554-ஆம் கிலோமீட்டரில். டான்யூபில் தலைகீழ்: கடலில் சேரும் இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். மெல்க்கில் 2036, கிரெம்ஸை நோக்கி இறங்க இறங்க எண் 2000-ஐ நெருங்கும். கடலுக்கு இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் போக வேண்டிய தண்ணீர் இது என்று அந்தப் பலகை சொல்கிறது.

மூன்றாவது பாடம் தண்ணீரின் மேற்பரப்பு. வளைவின் வெளிப்புறம் ஓட்டம் வேகம், ஆழம், கரை அரிந்து செங்குத்தாக நிற்கும். உட்புறம் மந்தம், மணல் படிந்து திட்டாகும். நாணல் முளைப்பது, நாரை நிற்பது, மாடு தண்ணீர் குடிக்க இறங்குவது எல்லாம் உட்புறத்தில்தான். கீழ்நோக்கி வரும் படகு வெளிப்புற ஓட்டத்தைப் பிடிக்கும். எதிர்த்து ஏறும் படகு முடிந்தவரை உட்புற மந்தத்தை ஒட்டிப் போகப் பார்க்கும். 'இப்போது எந்தப் பக்கம் ஒதுங்குவார்?' என்று ஒவ்வொரு வளைவுக்கும் முன்பு பையனைக் கேளுங்கள், நாலைந்து வளைவுக்குள் சரியாகச் சொல்லத் தொடங்குவான். தண்ணீரில் அம்புமுனை வடிவில் சுருக்கம் தெரிந்தால் முனை எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள். முனை மேலோட்டத்தை நோக்கி இருந்தால் அந்த முனையில் பாறையோ கட்டையோ மறைந்திருக்கிறது. கீழோட்டத்தை நோக்கி இருந்தால் இரண்டு தடைகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்து போகிறது, வழி அது. படகோட்டி ஓய்வாக இருக்கும் நேரத்தில் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விளக்கவுரைப் பதிவில் வராத எவ்வளவோ விஷயம் அவரிடமிருந்து வரும்.

பறவை பார்க்க எட்டு மடங்கு காட்டும் தொலைநோக்கி போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் படகின் நடுக்கத்தில் எதுவும் நிற்காது. கட்டையின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் கறுப்புப் பறவை நீர்க்காகம். அதன் இறகு எளிதில் நனையும். அதனால்தான் ஆழமாக மூழ்கி மீன் பிடிக்க முடிகிறது, அதனால்தான் பிறகு வெயிலில் காயவைக்க வேண்டியிருக்கிறது. மீன்கொத்தி நீலக் கீற்றாகத் தண்ணீரை ஒட்டிப் பறந்து மறையும். அதைத் தேடிப் பிடிப்பதைவிட, சரிந்து தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் படும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான்: மெல்லிய ஸ்வெட்டரோ சால்வையோ, கயிறு கட்டிய தொப்பி, தண்ணீர், அம்மாவின் மருந்து, கைபேசிக்கு நீர் புகாத உறை. பெரிய பையோடு போகாதீர்கள், காலுக்கடியில் வைக்க இடமிருக்காது.

முன்பதிவு செய்யும்போது இருவழிச் சீட்டு மலிவாகத் தெரியும். ஒருவழிச் சீட்டும் ரயில் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில ஆறுகளில் படகும் ரயிலும் சேர்ந்த ஒரே சீட்டே கிடைக்கிறது. சுற்றுலாப் பருவம் முடியும் மாதங்களில் படகின் நேரங்கள் பாதியாகக் குறையும் என்பதால், போன வருடத்து அட்டவணையை நம்பாமல் நீங்கள் போகும் வாரத்துக்கான அட்டவணையைப் பாருங்கள். ஊருக்கு வந்து சேர்ந்த முதல் நாள் மாலையே துறைக்கு நடந்து போய், படகு எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று நேரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் நாலைந்து துறை இருக்கும், பெயரும் ஒன்றுபோலவே இருக்கும்.